முதல் வெல்டிங் மெஷின் வாங்கும் முன்



தொழில் உதவி கேட்டு நம்மிடம் வரும் மனுக்களில் தையல் மெஷினுக்கு அடுத்தபடியாக இப்போது வெல்டிங் மெஷின்தான் அதிகம் கேட்கப்படுகிறது. காரணம் புரிகிறது. சிங்கவரத்திலிருந்து செஞ்சி வரை எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரு வீட்டில் ஜன்னல் கிரில் வேலை, இன்னொரு வீட்டில் மாடிக்குத் தகரக் கொட்டகை. அறுவடைக் காலத்தில் டிராக்டர் டிரெய்லரும் கலப்பைக் கொழுவும் உடைந்துகொண்டே இருக்கும். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு நெல் ஏற்றி வரும் வண்டிகளில் பாதிக்கு எங்காவது ஓர் ஒட்டு இருக்கும். கை சுத்தமாக இருந்தால் வேலைக்குப் பஞ்சமில்லை.

ஆனால் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது வேறொரு சம்பவம். சில வருடங்களுக்கு முன் ஓர் இளைஞருக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தோம். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 250 ஆம்பியர் என்று போட்டிருந்தது. இருந்த பணம் முழுவதையும் அந்த மெஷினுக்கே செலவழித்துவிட்டோம். கிரைண்டர் இல்லை, சரியான வயரிங் இல்லை. அவர் டி.வி. போடும் பிளக்கில் செருகி வேலை தொடங்கினார். இரண்டாம் நாள் பிளக் உருகிவிட்டது. இரவல் வாங்கிய நீள வயரில் சில வாரம் ஓட்டிப் பார்த்தார், பிறகு மெஷினே நின்றுவிட்டது. பழுது பார்க்கக் கேட்ட கூலியில் பாதி மெஷினை வாங்கிவிடலாம். அந்தத் தம்பி இப்போது சென்னைக்கு பெயிண்ட் வேலைக்குப் போய் வருகிறார். தவறு அவருடையது அல்ல. மெஷினுக்குப் பணம் கொடுத்துவிட்டு, தொழிலுக்குத் தேவையான மற்றதைக் கணக்கில் எடுக்காத எங்களுடையது.

அதனால் முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். கையில் 15,000 ரூபாய் இருந்தால் மெஷினுக்கு 7,000க்கு மேல் போகாதீர்கள். மீதியில் நான்கு அங்குல கிரைண்டருக்கு ஏறக்குறைய 2,500, தனி வயரிங்குக்கு 2,000, முகமூடி, தோல் கையுறை, ஏப்ரனுக்கு 1,500, சிப்பிங் சுத்தியல், ஒயர் பிரஷ், மூலைமட்டம், இரண்டு கிளாம்புக்கு 1,000, ராடுக்கும் பழகுவதற்கான பழைய இரும்புக்கும் 1,000. விலை கடைக்குக் கடை மாறும். ஆனால் மெஷின் மொத்தச் செலவில் பாதியைத் தாண்டக்கூடாது என்பதை மட்டும் மாற்றாதீர்கள்.

இனி எந்த மெஷின் என்பதற்கு வருவோம். கடையில் நான்கைந்து வகையைக் காட்டுவார்கள். முதல் மெஷினாக வீட்டில் வைத்துத் தொழில் தொடங்குபவருக்குத் தேவை சாதாரண ஆர்க் வெல்டிங்தான், அதாவது ராடு போட்டு ஒட்டுவது. மிக் மெஷினில் வயர் சுருளும் பெரும்பாலும் கேஸ் சிலிண்டரும் வேண்டும். திறந்தவெளியில் காற்றடித்தால் கேஸ் பறந்துபோய் ஒட்டு பஞ்சு போல ஓட்டை விழும். கேஸ் இல்லாத வயர் இருக்கிறது, விலை கூடுதல். டிக் மெஷின், ஆர்கான் சிலிண்டர் எல்லாம் எஸ்.எஸ். கைப்பிடி வேலைக்கு. அது இரண்டாம் கட்டம்.

ஆர்க் மெஷினிலேயே இரண்டு ஜாதி. பழைய டிரான்ஸ்பார்மர் மெஷின் ஒன்று. இரண்டு பேர் தூக்க வேண்டிய எடை, உள்ளே காயிலும் இரும்புப் பட்டைகளும்தான். அடித்தாலும் உதைத்தாலும் தாங்கும். காயில் எரிந்தால் மோட்டார் காயில் கட்டுபவரே கட்டிக் கொடுப்பார். ஆனால் கரண்ட்டை அதிகமாக இழுக்கும். வெல்டிங் அடிக்காமல் சும்மா ஓடும்போதும் இழுக்கும். நீங்கள் ராடைத் தொட்டால் பக்கத்து வீட்டு லைட் மங்கும், அதிலேயே சண்டை வரும். இன்னொன்று, பட்டறைகளில் மலிவாகக் கிடைக்கும் பழைய டிரான்ஸ்பார்மர் மெஷின்களில் பல இரண்டு பேஸ், 415 வோல்ட்டில் ஓடுபவை. சிங்கிள் பேஸ் வீட்டில் அது பயன்படாது. பழைய மெஷின் பேரம் படிந்துவிட்டது என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டு இருப்பவர்களைக் கண்டிருக்கிறோம்.

இரண்டாவது இன்வெர்ட்டர் மெஷின். ஐ.ஜி.பி.டி. என்று எழுதியிருப்பார்கள். ஒரு கையில் தூக்கலாம், டி.வி.எஸ். வண்டியில் முன்னால் வைத்துக்கொண்டு வயலுக்கே போகலாம். வெளியே வருவது டி.சி. கரண்ட் என்பதால் புதிதாகக் கற்பவருக்கு ராடு ஒட்டிக்கொள்வது குறைவு. அதே வேலைக்கு டிரான்ஸ்பார்மரை விடக் குறைவான கரண்ட் போதும். இதன் எதிரி தூசி. கிரைண்டர் அடிக்கும்போது பறக்கும் இரும்புத் தூளை மெஷினின் ஃபேன் உள்ளே இழுத்துக்கொள்ளும், அது போர்டில் படிந்தால் ஷார்ட். ஆகவே கிரைண்டரை மெஷினிலிருந்து பத்தடி தள்ளி வைத்து அடியுங்கள். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சற்று நேரம் விட்டு, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். பல்லி உள்ளே போய் போர்டு போன கதையும் நம் ஊரில் உண்டு. இரவில் ஒரு சாக்கைப் போட்டு மூடி வைத்தால் போதும். எங்கள் கருத்து, வீட்டு இணைப்பில் தொடங்குபவருக்கு இன்வெர்ட்டர்தான்.

இப்போது அந்த 250 ஆம்பியர் விஷயம். பெட்டியில் இருக்கும் எண்ணைப் பார்த்து மெஷின் வாங்குவது, வண்டியின் மீட்டரில் 160 போட்டிருக்கிறது என்று மொபெட் வாங்குவது மாதிரி. பெட்டியை விட்டுவிட்டு மெஷினின் பின்பக்கம் அல்லது அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். அதில் எக்ஸ் என்ற ஆங்கில எழுத்துக்கு நேராக 60%, 100% என்று இருக்கும், அதற்குக் கீழே ஆம்பியர். 60% என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் அந்த ஆம்பியரில் அடிக்கலாம், நான்கு நிமிடம் ஆறவிட வேண்டும் என்று பொருள். 200 ஆம்பியர் மெஷினில் 60%க்கு நேராக 120, 130 என்று இருந்தாலும் பயப்பட வேண்டாம், நம் வேலைக்கு அது தாராளம். ஒரு 12 நம்பர் ராடு எரிய ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் ஆகும். பிறகு கசடு தட்டி, அடுத்த ராடு மாட்டும் நேரம் மெஷினுக்கு ஓய்வு. ஆனால் அந்தத் தகடே இல்லாத மெஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

தகட்டில் 40 டிகிரி என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். சர்வதேசத் தர விதிப்படி மெஷினை 40 டிகிரி செல்சியஸ் சூட்டில் சோதித்து அந்த எண்ணைப் போட வேண்டும். சில மலிவு மெஷின்களில் குறைந்த சூட்டில் சோதித்த எண் இருக்கும். செஞ்சியைச் சுற்றிக் கருங்கல் மலைகள். பகல் முழுதும் வெயில் குடித்து இரவு வரை அனல் விடும் பாறைகள் அவை. அக்னி நட்சத்திரத்தில் தகரக் கொட்டகைக்குள் எவ்வளவு சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சூடு கூடினால் மஞ்சள் விளக்கு எரிந்து மெஷின் தானாக நிற்கும். அப்போது சுவிட்சை அணைக்காமல் ஃபேனை ஓடவிட்டு ஆற வையுங்கள்.

எத்தனை ஆம்பியர் உண்மையில் வேண்டும்? ராடைப் பொறுத்தது. கடையில் 12 நம்பர் என்று கேட்டால் 2.5 மில்லிமீட்டர் ராடு கொடுப்பார்கள், அதற்கு 60 முதல் 90 ஆம்பியர். 10 நம்பர் என்பது 3.15 மில்லிமீட்டர், அதற்கு 90 முதல் 130. 8 நம்பர், அதாவது 4 மில்லிமீட்டர், 140க்கு மேல் கேட்கும். கிரில், கேட், கொட்டகை, கட்டில் எல்லாம் 12 நம்பரிலும் 10 நம்பரிலும் முடிந்துவிடும். ஆகவே 130 ஆம்பியரை நிம்மதியாகக் கொடுக்கும் மெஷின் இருந்தால் போதும். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வோர் ஆம்பியருக்கும் நீங்கள் கொடுக்கும் காசு பெட்டியின் மேல் உள்ள எழுத்துக்குத்தான்.

அந்த அதிக ஆம்பியரை உங்கள் வீட்டு லைன் கொடுக்கவும் கொடுக்காது. 12 நம்பர் ராடை 80 ஆம்பியரில் அடிக்கும்போது சாதாரண இன்வெர்ட்டர் மெஷின் சுவரிலிருந்து ஏறக்குறைய 14 ஆம்பியர் இழுக்கும். 10 நம்பர் ராடை 110-ல் அடித்தால் 20 ஆம்பியர். முழு 200 ஆம்பியரில் அடித்தால் 40க்கு மேல். வீட்டில் ஏ.சி.க்கோ கிரைண்டருக்கோ போட்டிருக்கும் பெரிய பிளக்கின் தாங்கும் அளவு 16 ஆம்பியர். டி.வி. பிளக் வெறும் 6. மாலையில் மின்சாரம் 180 வோல்ட்டுக்கு இறங்கினால் மெஷின் அதே வேலைக்கு இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும். எங்கள் தம்பியின் பிளக் ஏன் உருகியது என்பது இப்போது புரியும்.

செய்ய வேண்டியது இது. மீட்டர் பெட்டியிலிருந்து 4 ஸ்கொயர் மில்லிமீட்டர் காப்பர் வயரில் தனி லைன், அதற்கு 32 ஆம்பியர் எம்.சி.பி., அதே அளவு இண்டஸ்ட்ரியல் பிளக், சரியான எர்த், கரண்ட் கசிந்தால் உடனே அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இவற்றை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். மீட்டருக்கு வரும் வயரும் உங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடும் அதைத் தாங்குமா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். போதாவிட்டால் மின்வாரிய அலுவலகத்தில் லோடு உயர்த்த மனுச் செய்யலாம். எக்ஸ்டென்ஷன் வயர் தேவைப்பட்டால் அதுவும் தடிமனாக இருக்கட்டும். நூறடி நீளத்துக்கு 1.5 ஸ்கொயர் வயர் போட்டால் வழியிலேயே 12 வோல்ட் வரை தொலைந்துபோகும். வயரைச் சுருட்டியபடி வைத்து ஓட்டினால் சுருள் சூடேறி உருகும்.

சட்ட விஷயம் ஒன்று, பலர் கேட்க விரும்பாதது. தன் வீட்டு கேட்டை எப்போதாவது ஒட்டிக்கொள்வது வேறு, வீட்டு மீட்டரில் தினமும் கூலிக்கு வேலை செய்வது வேறு. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது வீட்டு உபயோகத்துக்குத்தான். வயல் மோட்டாரின் இலவச மின்சாரத்தில் மெஷினை மாட்டுவது அதைவிடப் பெரிய தவறு. மின்சாரச் சட்டம் 2003-ன் 126-ஆம் பிரிவின்படி, அனுமதித்ததற்கு வேறான காரியத்துக்கு மின்சாரம் எடுத்தால் உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு கணக்கிடுவார்கள். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்து. மெஷின் விலையைவிட அது அதிகமாகிவிடும். அனுமதியில்லாத வழியில் எடுத்த மின்சாரத்தில் வரும் கூலி நமக்கு வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கையில் நிலையான வேலை வந்ததும் அதற்குரிய இணைப்புக்கு மாறிவிடுங்கள்.

ராடு பற்றிக் கொஞ்சம். தொடங்குபவருக்கு 6013 என்று அச்சிட்ட ராடு போதும். ஈசாப், அடோர் போன்ற பழைய கம்பெனிகளின் பாக்கெட் எங்கும் கிடைக்கும். 7018 வலுவானதுதான், ஆனால் ஈரம் பட்டால் கெட்டுவிடும், 300 டிகிரிக்கு மேல் சுட்டு உலர்த்தும் அடுப்பு வேண்டும். 6013-ஐயும் ஐப்பசி மழையில் திறந்து போடாதீர்கள். மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். மெல்லிய ஸ்குயர் பைப்பில் ஓட்டை விழுகிறது என்று புதியவர்கள் எல்லாரும் புலம்புவார்கள். 12 நம்பர் ராடு, 60 ஆம்பியர், ஹோல்டரை மைனஸில் மாட்டுங்கள், நீளமாக இழுக்காமல் சிறு சிறு புள்ளியாக வைத்து வாருங்கள். வளைகுடாவுக்குப் போக 6ஜி டெஸ்டுக்குப் பழக வேண்டும் என்று மெஷின் கேட்பவர்களும் உண்டு. பைப் டெஸ்டில் வேர் ஒட்டுக்குப் பயன்படும் 6010 ராடு பல சின்ன இன்வெர்ட்டர்களில் அணைந்து அணைந்து போகும். அதற்கு இந்த விலை மெஷின் சரிவராது. முறையான பயிற்சிக்குப் போவதே நல்லது. ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு ஒரு வருடம்தான், எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. விழுப்புரத்தில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது.

கண் விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஆர்க் வெல்டிங்குக்கு 10 அல்லது 11 நம்பர் கருப்புக் கண்ணாடி தேவை. கேஸ் வெல்டிங் செய்பவர்கள் போடும் பச்சைக் கண்ணாடி 5 நம்பர் அளவில்தான் இருக்கும், அது இதற்கு உதவாது. கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு அடிப்பவர்களைப் பற்றி என்ன சொல்வது! பார்த்தவுடன் எதுவும் தெரியாது. ஆறு, எட்டு மணி நேரம் கழித்து நள்ளிரவில் கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல எரியும், நீர் கொட்டும். உருளைக்கிழங்கு வெட்டி வைப்பது, தாய்ப்பால் விடுவது என்றெல்லாம் செய்கிறார்கள். தாய்ப்பால் விட்டுப் புண்ணில் கிருமி சேர்த்துக்கொள்ள வேண்டாம். கண் டாக்டரிடம் போங்கள். மருந்துக் கடையில் மரத்துப்போகும் சொட்டு மருந்தை வாங்கி விட்டுக்கொண்டே இருப்பதும் கருவிழியைக் கெடுக்கும். வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளுக்கு முகமூடி கிடையாது என்பதை மறக்காதீர்கள். தெருப் பக்கம் ஒரு தார்ப்பாய் கட்டித் தொங்கவிட்டால் போதும். தானாகக் கருக்கும் முகமூடி வாங்கினால் கடையிலேயே மெஷினோடு வைத்துச் சோதியுங்கள்.

ஜி.ஐ. பைப்பை ஒட்டும்போது வரும் வெள்ளைப் புகை துத்தநாகம். அன்று இரவே காய்ச்சலும் நடுக்கமும் வரும். பால் குடித்தால், வெல்லம் தின்றால் சரியாகிவிடும் என்பது பேச்சு. ஒட்டும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமாக நின்று அடியுங்கள். ராடு முனையில் மெஷின் ஓடும்போது 60, 70 வோல்ட் இருக்கும். உலர்ந்த கையில் அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, வியர்வையில் நனைந்த சட்டையோடு இரும்பின் மேல் உட்கார்ந்திருப்பவரைக் கொல்லக்கூடும். மழையில் வேலையே வேண்டாம். டீசல், பெட்ரோல், பெயிண்ட் இருந்த காலி டிரம்மை யார் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்புங்கள். உள்ளே தங்கிய ஆவி போதும், டிரம் வெடிகுண்டாகிவிடும். வைக்கோல் போர் பக்கத்திலும் அப்படித்தான். டிராக்டரில் ஒட்டும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். தூரத்தில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கும். கிரைண்டரின் கார்டைக் கழற்றாதீர்கள், தேதி முடிந்த கட்டிங் வீலை மாட்டாதீர்கள்.

கடைக்குப் போகும்போது ஒரு துண்டு ஸ்குயர் பைப்பும் நான்கு 12 நம்பர் ராடும், முடிந்தால் வேலை தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கேயே ராடு பற்றவைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஃபேன் ஓடுகிறதா, குறைந்த ஆம்பியரில் ஆர்க் அணையாமல் நிற்கிறதா என்று கவனியுங்கள். மெஷினோடு தரும் கேபிள் பெரும்பாலும் குட்டையாகவும், காப்பர் பூசிய அலுமினியமாகவும் இருக்கும். நுனியைச் சுரண்டினால் வெள்ளை தெரியும். 16 ஸ்கொயர் காப்பர் கேபிளாக மாற்ற என்ன ஆகும் என்று அப்போதே கேட்டு விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் எங்கே என்று கேளுங்கள். விழுப்புரம், திண்டிவனம், புதுவையில் இருந்தால் நல்லது. பார்சலில் வடக்கே அனுப்ப வேண்டும் என்றால் அந்த வாரண்டி காகிதம்தான். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் நூறு இருநூறு குறைத்து வாங்கினால் அந்தக் காகிதமும் இல்லை.

தவணையில் தருகிறோம் என்பார்கள். வட்டி இல்லை என்று சொல்லும் தவணையிலும் பிராசஸிங் கட்டணம், தாமத அபராதம் எல்லாம் சிறிய எழுத்தில் இருக்கும். கொஞ்சம் பொறுத்து, பகுதி பகுதியாகச் சேருங்கள். முதலில் கிரைண்டரும் கைக்கருவிகளும், அடுத்து வயரிங், கடைசியில் மெஷின். கிரைண்டர் கையில் இருந்தாலே ஒரு பட்டறையில் உதவியாளராகச் சேர்ந்து கூலி வாங்கலாம், தொழிலும் கைக்கு வரும்.

இனி நம்மிடம் வெல்டிங் மெஷினுக்கு மனுக் கொடுப்பவர்கள் மின் இணைப்பு அட்டையின் நகலைச் சேர்த்துக் கொடுக்க வேண்டுகிறோம். இன்ஷா அல்லாஹ், எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து வீட்டு லைனைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் கடைக்குப் போவோம்.